புதுப் பெட்டி ஏன் முக்குகிறது?



சென்ற இதழில் வீட்டு வாடகை முற்பணம் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை குளிர்காலக் கரண்ட் பில் பற்றி எழுதுவதாக ஆசிரியருக்குச் சொல்லியிருந்தேன். இடையில் எங்கள் அக்கா வீட்டில் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. கரண்ட் பில்லும் அதற்குள் கொஞ்சம் வருகிறபடியால் ஆசிரியர் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

சம்பவம் ஒரு கொம்பியூட்டர் பற்றியது. அதைப்பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தகுதியும் இல்லை. ஓ.எல்லோடு என் படிப்பு நின்றது. பார்க் றோயலில் ஒரு பக்டறியில் சாப்பாட்டுச் சாமான் பொதி செய்கிற லைனில் நிற்கிறேன். ஆனால் பிழைத்துப்போன மெசினோடு மல்லுக்கட்டுகிற வேலை எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் எங்களுடையது. காபிரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். அப்போது எங்கள் ஒழுங்கையில் இருந்த மெக்கானிக் அண்ணை எதையும் கழற்றுவதற்கு முதல் தலையைச் சரித்து, காது கொடுத்துக் கேட்பார். கேட்டு முடியுமட்டும் சாவியைக் கையில் எடுக்கமாட்டார். அவரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் மகன் கல்லூரியில் முப்பரிமாண அனிமேசன் படிக்கிறான். அவர்கள் இங்கே வந்து இரண்டு வருடம்தான். அக்கா விடிய ஒரு கந்தோர் துப்புரவு, பின்னேரம் ஒரு கடை. சீட்டு எடுத்து, 1,450 பவுணுக்கு மகனுக்கு ஒரு பெரிய பெட்டி வாங்கிக் கொடுத்தா. வேர்க்ஸ்ரேசன் என்று சொல்வார்களே, அது. பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக வெளிச்சம். சாமிப் படத்துக்குக்கூட அக்கா அப்படி வெளிச்சம் போட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நான் இரவுச் சிப்றுக்கு வெளிக்கிடும்போது போன் வந்தது.

"தம்பி, சாமான் வேலை செய்யுதில்லை. பெடியன் சாப்பிடாமல் இருக்கிறான். எங்களை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள் போல."

"பத்துதில்லையோ அக்கா?"

"பத்துது. ஆனா கல்லூரியில ஒரு நிமிசத்தில வாறது இதில ஆறு நிமிசமாம். திங்கள் மத்தியானம் குடுக்கவேணுமாம்."

இதில் என்ன ஆறு நிமிடம் என்று முதலில் விளங்கவேண்டும். கொம்பியூட்டருக்குள் களிமண்ணில் செய்வது போல ஒரு வீடு, மரம், ஆள் எல்லாம் செய்து வைப்பார்கள். பிறகு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் தெறிக்கிறது, நிழல் எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் பார்த்துப் படமாக்கவேண்டும். அந்தக் கணக்குத்தான் றெண்டரிங். சாதாரண எச்டி படம் ஒன்றில் 1920 தர 1080, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒரு செக்கனுக்கு 25 படம். மருமகன் செய்தது 20 செக்கன் ஓடுகிற துண்டு. ஆக 500 படம். ஆறு நிமிடப்படி 3,000 நிமிடம், 50 மணித்தியாலம்.

அதைவிடப் பெரிய கதை, அவன் புதன் இரவே ஒருமுறை தொடக்கியிருக்கிறான். வியாழன் பின்னேரம் கீ மீற்றரில் காசு முடிந்து வீடு இருண்டுபோனது. 17 மணித்தியால வேலை போயே போய்விட்டது. ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே வீடியோக் கோப்பாக எழுதும்படி விட்டிருந்தான். பாதியில் நின்ற வீடியோ திறக்கவே இல்லை. வாசகர்களில் பிள்ளைகள் இப்படி வேலை செய்பவர்கள் இருந்தால் இதை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்: ஒவ்வொரு படத்தையும் தனித்தனிக் கோப்பாக எழுதவேண்டும். கரண்ட் போனாலும் அதுவரை வந்த படங்கள் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடைசியில் எல்லாவற்றையும் கோர்த்து வீடியோ ஆக்குவது சில நிமிட வேலை.

சனி காலை வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நான் போவதற்கு முதலே ஊர் வந்து ஆலோசனை சொல்லிப்போயிருந்தது. வைரஸ் என்று ஒருவர். விண்டோசை அழித்துப் போடு என்று இன்னொருவர். கொம்பியூட்டர் நன்றாகத் தெரிந்த ஒரு அண்ணை, இந்தக் கார்ட் சரிவராது, இன்னும் 700 பவுண் போட்டு வேறு வாங்கு என்றிருக்கிறார். அக்கா கிறெடிற் கார்ட்டை எடுத்து மேசையில் வைத்திருந்தா. அதைக் கண்டவுடன் எனக்கு நித்திரை கலைந்துவிட்டது.

எங்கள் பக்டறியில் ஒருமுறை இதே கதை நடந்தது. புதிதாக ஒரு நிரப்புகிற மெசின் கொண்டுவந்து பூட்டினார்கள். பழையதைவிட இரண்டு மடங்கு வேகம் என்றார்கள். ஆனால் நாள் முடிய எண்ணினால் அதே பெட்டிக் கணக்கு. சுப்பவைசர் புது மெசினைத் திட்டினார். எங்களோடு நின்ற ஒரு போலந்துக்காரர்தான் லேபல் ஒட்டுகிற மெசினைக் காட்டினார். அது பழையது. புது மெசின் நிரப்பிவிட்டு அதற்காகக் காத்துக்கொண்டு நின்றது. அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை: எது முக்குகிறது என்று பார்க்காதே, எது சும்மா நிற்கிறது என்று பார்.

ஆகவே மருமகனிடம் ஒரு கொப்பியும் பேனையும் கேட்டேன். "120ஆவது படத்தை மட்டும் எடு. எத்தனை நிமிடம் என்று எழுது. ஒன்றை மாத்து. திரும்ப அதே படம். திரும்ப எழுது. ஒரே நேரத்தில ரெண்டை மாத்தக்கூடாது."

"மாமா, உங்களுக்கு பிளெண்டர் தெரியுமோ?"

"தெரியாது. நீ தொடு, நான் எழுதுறன்."

பிளெண்டர் என்பது அவன் பாவிக்கிற சொவ்ற்வெயர். காசில்லாமல் கிடைப்பது. அதுவும் ஒரு நல்ல கதை. நெதர்லாந்தைச் சேர்ந்த டோன் றூசென்டால் என்பவர் உருவாக்கியது. அவருடைய கொம்பனி படுத்துப்போக, 2002இல் பொதுசனத்திடம் ஒரு லட்சம் ஈரோ சேர்த்து, முதலீட்டாளரிடமிருந்து அதை மீட்டு, எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். எங்கள் ஆட்கள் கோயிலுக்குச் சேர்ப்பது போல, ஏழு கிழமையில் சேர்ந்த காசு.

முதலில் கண்ணில் பட்டது வயர். திரையில் வீட்டைத் திருப்பிப் பார்க்கும்போது படம் இழுபட்டு இழுபட்டு வந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். திரையின் வயர் மேலே உள்ள துளையில், அதாவது மதர்போர்டில் செருகியிருந்தது. கிராபிக்ஸ் கார்ட்டின் துளைகள் கீழே படுக்கையாக இருக்கும். அதில் மாற்றினோம். இழுபாடு நின்றது. அவன் துள்ளினான். ஆனால் 120ஆவது படம் அதே ஆறு நிமிடம். வேலை செய்யும்போது திரை இழுபடுவது ஒரு வருத்தம், கடைசிப் படம் பிந்துவது வேறு வருத்தம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் கனபேர் அலைகிறார்கள்.

பிறகு படம் ஓடும்போது டாஸ்க் மனேஜரைத் திறக்கச் சொன்னேன். புரொசசர் நூற்றுக்கு நூறு. கிராபிக்ஸ் கார்ட் ஒன்றோ இரண்டோ. இங்கே ஒரு எச்சரிக்கை: அந்தப் பக்கத்தில் த்ரீடி என்ற கட்டத்தை மட்டும் பார்த்தால் கார்ட் வேலை செய்தாலும் சும்மா இருப்பதுபோலக் காட்டும். கூடா என்ற கட்டத்துக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். மாற்றினோம், அதுவும் வெறுமை. கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கார்ட்டின் விசிறிகள் அசையவே இல்லை. பெட்டி விலையில் பெரிய பங்கு இந்தக் கார்ட்டுக்குத்தான். அது முதலாளி வீட்டுப் பிள்ளை மாதிரிக் கை கட்டிக்கொண்டு நின்றது.

காரணம் மிகச் சின்னது. பிளெண்டரைப் புதிதாகப் போட்டால், எந்தக் கார்ட்டில் கணக்குப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் சொல்லும்வரை அது ஒன்றையும் தெரிவதில்லை. எடிற், பிரிபரன்சஸ், சிஸ்டம் என்று போனால் சைக்கிள்ஸ் றெண்டர் டிவைசஸ் என்று ஒரு வரி இருக்கும். அதில் நன் என்று இருந்தது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்ட் ஆனபடியால் ஓப்ரிக்ஸ் என்பதைத் தெரிந்து, கார்ட்டின் பெயருக்கு முன்னால் சரி போட்டான். அதோடு முடியவில்லை. படத்தின் றெண்டர் பக்கத்திலும் டிவைஸ் என்ற இடத்தில் ஜீபீயூ என்று மாற்றவேண்டும். கல்லூரிக் கொம்பியூட்டரில் யாரோ இதை முன்னமே செய்து வைத்திருந்தார்கள். வீட்டில் யார் செய்வது?

120ஆவது படம்: ஒரு நிமிடம் 20 செக்கன்.

அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "சரிவந்திட்டுதோ?" என்றா. நான் வாய் திறக்கவில்லை. பக்டறிப் பழக்கம், ஒரு மணித்தியாலம் ஓடாமல் மெசின் சரி என்று சொல்வதில்லை. நல்லதாகப் போயிற்று. இருபது படம் வரை ஒழுங்காக வந்தது. பிறகு ஒன்றரை நிமிடம். பிறகு இரண்டு நிமிடம்.

தொடக்கத்தில் வேகமாக ஓடி, போகப் போகப் பிந்தினால் பெரும்பாலும் சூடுதான். இந்தச் சாமான்கள் அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் எரிந்துபோகாமல் இருக்கத் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டி எங்கே நின்றது தெரியுமா? அலுமாரிக்கும் றேடியேற்றருக்கும் நடுவில், காப்பெற்றின் மேல், முகம் கட்டிலோடு ஒட்டி. மூச்சு எடுக்கிற பக்கம் மெத்தை, விடுகிற பக்கம் சுவர். சின்னப் பிளாற்றில் வேறு எங்கே வைப்பது என்பதும் நியாயமான கேள்விதான். ஒரு பலகையில் ஏற்றி, நடுவில் இழுத்து வைத்து, றேடியேற்றரை நிற்பாட்டினோம். திரும்பவும் ஒரு நிமிடம் 20. குளிருமே என்று அக்கா கேட்டா. 400 வற் பெட்டி, அதுவே சின்ன ஹீற்றர்தானே அக்கா என்றேன். சூட்டு எண்ணைப் பார்த்து மட்டும் பயப்படவேண்டாம். 2022இல் வந்த ஏஎம்டி ரைசன் 7000 வகைப் புரொசசர்கள் பாரமான வேலையில் 95 பாகை வரை போகும்படியே செய்யப்பட்டவை என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். பார்க்கவேண்டியது, எண்ணோடு சேர்ந்து வேகம் விழுகிறதா என்பதுதான்.

மூன்றாவது வருத்தம் 300க்கும் 400க்கும் இடையில் வந்தது. கமெரா கிணற்றடிக்குக் கிட்டப் போகிற இடம். அந்த நூறு படத்தில் மட்டும் ஐந்து நிமிடம். இதற்கு ஒரு கணக்கு உண்டு. கல், மண், ஓடு போன்றவற்றின் மேல் ஒட்டுகிற படங்களை எட்டுக்கே, நாலுக்கே என்பார்கள். எட்டுக்கே என்றால் 8,192 தர 8,192 புள்ளி, ஒரு புள்ளிக்கு 4 பைற், ஆக ஒரு படத்துக்கு 256 மெகாபைற். கோப்பாக இருக்கும்போது சின்னதாகத்தான் தெரியும், கார்ட்டுக்குள் போனால் விரிந்துவிடும். அவனுடைய கார்ட்டின் சொந்த மெமறி 8 ஜீபி. நாற்பது எட்டுக்கே ஒட்டினால் 10 ஜீபி. கொள்ளாது. கொள்ளாததை வெளியே உள்ள மெமறியில் வைத்து அங்கும் இங்கும் ஓடி எடுக்கும், இல்லாவிட்டால் முடியாது என்று நின்றுவிடும். கிணற்றடிக் கூழாங்கல்லுக்கெல்லாம் எட்டுக்கே போட்டிருந்தான். கல்லை யார் கிட்டப்போய்ப் பார்க்கப் போகிறார்கள்? இரண்டுக்கே ஆக்கினோம். அது ஒன்றுக்கு 16 மெகாபைற்தான். ஐந்து நிமிடம் ஒன்றரை நிமிடம் ஆனது.

கொப்பியில் மூன்று பக்கம் நிறைந்திருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு முழுவதையும் தொடக்கினான். மீற்றருக்குக் காசு போட நான் கடைக்குப் போனேன். 50 மணித்தியாலம் ஓடியிருந்தால் 20 யூனிற், யூனிற் 25 பென்ஸ் என்று வைத்தாலும் 5 பவுண். இப்போது ஒன்றரைப் பவுண்கூட வராது.

உங்கள் வீட்டில் வருத்தம் வேறாக இருக்கலாம். விண்டோசின் பவர் அமைப்பு மிச்சம் பிடிக்கிற நிலையில் இருந்தால் மெசின் முழுப்பலத்தோடு ஓடாது. 2021இலிருந்து வந்த இன்ரெல் புரொசசர்கள் பலவற்றில் பெரிய கோர், சின்னக் கோர் என்று இரண்டு சாதி. றெண்டரை ஓடவிட்டு அந்த யன்னலைச் சின்னதாக்கிவிட்டு வேறு பார்த்தால், அது முக்கியமில்லாத வேலை என்று நினைத்து விண்டோஸ் சின்னக் கோர்களிடம் தள்ளிவிடக்கூடும். யன்னலை முன்னால் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் அதுதான். இன்னொன்று, கல்லூரியில் ஓடியது ஒரு கோப்பு, வீட்டில் ஓடுவது வேறு கோப்பு என்றால் ஒப்பிடவே முடியாது. பிளெண்டரில் 2021இல் வந்த 3.0 பதிப்புத் தொடக்கம், புதுக் கோப்பில் ஒரு புள்ளிக்கு 4,096 மாதிரி வரை எடுக்கும்படி இருக்கும். ஆசிரியர் கொடுத்த கோப்பில் அது சில நூறாக இருக்கலாம். அதில் மெசினின் பிழை ஒன்றுமில்லை.

மருமகன் ஒரு நிமிடம் 20 செக்கனும் கூட என்று முகத்தைச் சுழித்தபடியால் சில பழைய கணக்குகளைப் பார்த்தோம். 1995இல் வந்த ரோய் ஸ்ரோறி படத்துக்கு 117 கொம்பியூட்டர்கள் இரவு பகலாக ஓடின. 1,14,240 படம், எட்டு லட்சம் மெசின் மணித்தியாலம். வகுத்துப் பாருங்கள், ஒரு படத்துக்கு ஏழு மணித்தியாலம். மெசின்கள் அதற்குப் பிறகு எவ்வளவோ வேகமாகிவிட்டன, ஆனால் 2014இல் இன்ரஸ்ரெல்லர் படத்தின் கருந்துளைக் காட்சிகளில் சில தனிப்படங்களுக்கு 100 மணித்தியாலம் வரை போனது. அது நடந்தது எங்கள் லண்டனில்தான். டபிள் நெகற்றிவ் என்ற கொம்பனி, 1998இல் சோஹோவில் தொடங்கியது. பிறகு சென்னையிலும் வேலைத்தலம் திறந்தது. மெசின் வேகமாக வேகமாக மனிசர் பாரத்தைக் கூட்டுகிறார்கள், நேரம் குறைவதில்லை. இதை ஜிம் பிளின் என்ற அமெரிக்கர் கனகாலத்துக்கு முன்பே சொல்லிவைத்தார், அவர் பெயரிலேயே விதி என்பார்கள். மறுபக்கத்தில், 2025இல் ஒஸ்கார் எடுத்த ஃபுளோ என்ற பூனைப் படம் முழுக்கப் பிளெண்டரில் செய்தது. அதன் இயக்குனர் லற்வியாவைச் சேர்ந்த கின்ற்ஸ் சில்பலோடிஸ். கடைசி றெண்டரைத் தன் சொந்தக் கொம்பியூட்டரில் செய்தார், ஒரு படத்துக்குச் சில செக்கன்தான். அவர் பாவித்தது ஈவீ என்ற முறை. வெளிச்சத்தைத் துல்லியமாகத் துரத்தாமல் மதிப்பாகப் போடுவது. மருமகன் அடுத்த வேலைக்கு அதைப் பழகப்போகிறானாம். பழகட்டும்.

கடைப் பக்கமும் ஒரு சின்ன விசயம் அகப்பட்டது. பில்லில் 16 ஜீபி மெமறி இரண்டு என்று இருந்தது. டாஸ்க் மனேஜரின் மெமறிப் பக்கத்தில் நாலு இடத்தில் ஒன்று பாவனையில் என்று காட்டியது. உள்ளே இருந்தது ஒரே ஒரு 32. றெண்டருக்கு அது பெரிய வித்தியாசம் தரவில்லை, அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இரண்டாகப் போட்டால் வேறு வேலைகளுக்கு நல்லது. ஆனால் சொன்ன சாமானைத் தரவேண்டும் என்பது சட்டம். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சாமான் பிழையாகவோ சொன்னதுக்கு மாறாகவோ இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக்காசும் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படுகிற பிழை வாங்கும்போதே இருந்தது என்றுதான் எடுக்கப்படும், இல்லை என்று நிரூபிக்கவேண்டியது கடைக்காரர். இன்ரநெற்றில் வாங்கினால், கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் உங்களுக்கென்று அளவு சொல்லிச் செய்வித்த பெட்டிக்கு அந்த 14 நாள் பொருந்தாமல் போகலாம். 100 பவுணுக்கு மேல் 30,000 வரையான சாமானைக் கிறெடிற் கார்ட்டில் வாங்கியிருந்தால், கடை கையை விரித்தாலும் கார்ட் கொம்பனியிடம் கேட்க 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. டெபிற் கார்ட்டுக்கு அது இல்லை. சிற்றிசன்ஸ் அட்வைசின் நுகர்வோர் தொலைபேசி 0808 223 1133, இலவசம். அக்கா வாங்கி 11ஆம் நாள். மருமகன் பில்லையும் அந்தப் பக்கத்தின் படத்தையும் கடைக்கு அனுப்பினான். சண்டை பிடிக்காமல் மாற்றித் தருவதாகப் பதில் வந்தது.

ஞாயிறு விடிய 500 படமும் முடிந்திருந்தது. பின்னேரம் நான் திரும்பப் போனபோது அக்கா கடையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தா. அவன் போட்டுக் காட்டினான். எங்கள் அம்மா வீடு. நாற்சார் வீடு, முற்றம், மழை பெய்கிறது, ஓட்டால் தண்ணி ஒழுகுகிறது. அவன் பிறக்க முன்னமே இடிந்துபோன வீடு. அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுச் செய்தானாம்.

20 செக்கன் முடிந்தது. அக்கா கனநேரம் பேசவில்லை. பிறகு, "கிணத்தடி மற்றப் பக்கமடா. வேப்பமரத்துக்கு அங்கால" என்றா.

"முன்னமே சொல்லியிருக்கலாமே அம்மா. றெண்டர் முடிஞ்சுது."

கிணறு வருவது எத்தனை படத்தில் என்று கேட்டேன். கொப்பியைப் பார்த்து, நூறு என்றான். நூறு தரம் ஒன்றரை நிமிடம், இரண்டரை மணித்தியாலம். தனித்தனிக் கோப்பாக இருந்தபடியால் மற்ற நானூறையும் தொடத் தேவையில்லை. மணி இரவு எட்டு. அவன் கிணற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான். அக்கா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் அங்கால... அங்கால..." என்று சொல்லிக்கொண்டிருந்தா. நான் வேலைக்கு வெளிக்கிட்டேன்.

கரண்ட் பில் அடுத்த இதழில்.